மேல் அலமாரிக்குக் கீழே எல்இடி ஸ்ட்ரிப்: இடம் பார்ப்பது முதல் பழுது பார்ப்பது வரை

கூரையில் எவ்வளவு பெரிய விளக்கு போட்டாலும் சமையல் மேடை இருட்டாகத்தான் இருக்கும். விளக்கு அறையின் நடுவில். வேலை செய்கிறவர் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து நிற்கிறார். தலை, தோள் இரண்டின் நிழலும் நேராகக் காய் வெட்டும் பலகைமேல் விழும். மேடையின் உள்பாதியில் மேல் அலமாரியின் நிழல் வேறு. கூரை விளக்கின் வாட்டை ஏற்றினால் நிழல் இன்னும் அழுத்தமாகுமே தவிர, போகாது. அலமாரியின் அடியில் தனியாக விளக்கு வைப்பதுதான் வழி.

பலர் ஸ்ட்ரிப்பை முதலில் வாங்கிவிட்டு, அப்புறம் எங்கே ஒட்டலாம் என்று தேடுகிறார்கள். இந்த வேலையைப் பின்னாலிருந்து தொடங்கக் கூடாது. விளக்கு உட்காரும் இடம் முடிவானால் எந்த சேனல் (ஸ்ட்ரிப்பை உள்ளே ஒட்டும் அலுமினியச் சட்டம்) என்பது தெரிந்துவிடும். சேனலை வைத்து ஸ்ட்ரிப், ஸ்ட்ரிப்பின் வாட்டை வைத்து டிரைவர் (வீட்டு மின்சாரத்தை ஸ்ட்ரிப்புக்கு ஏற்ற குறைந்த வோல்ட்டாக மாற்றும் பெட்டி), டிரைவர் இருக்கும் தூரத்தை வைத்து ஒயர். இந்த வரிசையில் போனால் திரும்ப வாங்கும் வேலை இருக்காது.

இங்கே எடுத்துக்கொண்ட அளவு: மேடையின் அகலம் 60 செ.மீ. அதற்கு மேலே 55 செ.மீ. இடைவெளி விட்டு 33 செ.மீ. ஆழமுள்ள அலமாரிகள். அடுப்புக்கு இடப்பக்கம் 150 செ.மீ., வலப்பக்கம் 90 செ.மீ. அடுப்புக்கு நேர் மேலே ஸ்ட்ரிப் கிடையாது. அங்கே ஏறும் வெப்பமும் எண்ணெய்ப் புகையும் பசையையும் பிளாஸ்டிக் மூடியையும் சீக்கிரம் கெடுத்துவிடும். புகை உறிஞ்சும் ஹூடில் இருக்கிற விளக்கே அந்த இடத்துக்குப் போதும்.

இடம்

அலமாரியின் அடிப்பலகையில் இரண்டு இடங்கள் உண்டு: சுவரோரம், முன்விளிம்போரம். சுவரோரம் ஒட்டினால் ஓடு பதித்த சுவர் அழகாக ஒளிரும். படம் எடுக்க நன்றாக இருக்கும், வேலைக்கு ஆகாது. சுவரை ஒட்டி வைத்த டப்பாக்களின் நிழல் வேலை செய்கிறவரை நோக்கி நீளும். ஓடுகளின் மேடுபள்ளமும் பூச்சின் பிசிறும் பக்கவாட்டு ஒளியில் பளிச்சென்று தெரியும்.

முன்விளிம்பில் வைத்தால் கணக்கு வேறு. அலமாரியின் ஆழம் 33 செ.மீ. என்பதால், விளிம்பிலிருந்து 3 செ.மீ. உள்ளே வரும் விளக்கு சுவரிலிருந்து 30 செ.மீ. தள்ளி, 60 செ.மீ. மேடையின் சரி நடுவுக்கு மேலே நிற்கும். வெட்டுகிற கைக்குச் சற்று முன்னால் ஒளி இறங்குவதால் கையின் நிழல் தன் பக்கமாக விழும், பலகைமேல் விழாது. ஆகவே வேலைக்கு முன்விளிம்புதான்.

முடிவெடுப்பதற்கு முன் ஒரு சோதனை செய்துவிடலாம். ஸ்ட்ரிப்பின் ஒரு துண்டை அளவுகோலில் ஒட்டி, மாஸ்கிங் டேப்பால் அலமாரியின் அடியில் தற்காலிகமாக நிறுத்தி, கூரை விளக்கை அணைத்துவிட்டுப் பலகைமேல் கத்தியைப் பிடித்துப் பாருங்கள். முதலில் சுவரோரம், பிறகு நடுவில், பிறகு முன்விளிம்பில். கத்தியின் நிழல் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது மூன்று இடத்திலும் மூன்று விதமாக இருக்கும். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தும் பாருங்கள். நின்றால் கண்ணில் படாத ஸ்ட்ரிப், உட்கார்ந்ததும் கண்ணைக் குத்தும். அலமாரிக் கதவு அடிப்பலகையைவிட 2 செ.மீ. ஆவது கீழே இறங்கியிருந்தால் அதுவே மறைத்துவிடும். இல்லையென்றால் 3 அல்லது 4 செ.மீ. உயர மறைப்புப் பட்டை ஒன்றை விளிம்பில் அடிக்க வேண்டும்; அல்லது ஒளியைச் சுவர்ப்பக்கம் சாய்க்கும் 45 பாகை மூலை சேனல் போட வேண்டும்.

மேடை பளபளப்பான கருங்கல்லாக இருந்தால் இன்னொரு தொல்லை சேரும். ஒவ்வொரு எல்இடி புள்ளியும் கல்லில் பிரதிபலித்து, மேடைமேல் மணிகளைக் கோத்து வைத்ததுபோல் தெரியும். பால் நிற மூடியும் நெருக்கமான சிப்பும் சேர்ந்தால்தான் இது அடங்கும்.

எதை வாங்குவது

ரெடிமேடாகக் கிடைக்கும் டி5 எல்இடி டியூப்களை ஒன்றோடொன்று கோத்துக்கொண்டே போகலாம். வேலை சுலபம். ஆனால் அவற்றுக்குள் வீட்டு மின்சாரம் நேராகப் போகிறது, தடிமனும் அதிகம். மறைப்புப் பட்டை இருக்கிற அலமாரிக்குப் பரவாயில்லை. வட்ட பக் லைட்டுகள் மேடைமேல் வட்டம் வட்டமாக வெளிச்சம் போடும். இடையில் இருள் திட்டு. காட்சி அலமாரிக்குச் சரி, வேலை மேடைக்கு வேண்டாம். காந்தத்தால் ஒட்டும் சார்ஜ் செய்கிற விளக்குகள் வாடகை வீட்டுக்கு உதவும், ஆனால் தினமும் மணிக்கணக்கில் எரியவிடும் இடத்தில் சார்ஜ் போடுவதே ஒரு வேலையாகிவிடும். நிரந்தரமாகச் செய்வதென்றால் அலுமினிய சேனலுக்குள் 24 வோல்ட் ஸ்ட்ரிப்.

12 வோல்ட் ஏன் வேண்டாம்? 12 வோல்ட் ஸ்ட்ரிப்பில் மூன்று எல்இடியும் ஒரு ரெசிஸ்டரும் சேர்ந்தது ஒரு தொகுதி. மூன்று எல்இடிக்கு ஏறக்குறைய 9 வோல்ட் போக, மிச்சம் 3 வோல்ட் ரெசிஸ்டரில் விழுகிறது. வழியில் 1 வோல்ட் வீணானால் அந்த இழப்பில் பெரும்பங்கு ரெசிஸ்டரின் பங்கிலிருந்துதான் குறையும். விளைவு, மின்னோட்டம் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை இறங்கிவிடும். ஸ்ட்ரிப்பின் கடைசிப் பகுதி மங்கலாகத் தெரிவதற்குக் காரணம் இதுதான். ஸ்ட்ரிப் மட்டமான சரக்கு என்பதல்ல.

எண்களில் பார்த்தால்: 0.75 சதுர மி.மீ. செம்பு ஒயரின் மின்தடை 100 மீட்டருக்கு ஏறக்குறைய 2.6 ஓம். டிரைவர் 3 மீட்டர் தள்ளி இருந்தால் போக வர 6 மீட்டர், அதாவது 0.156 ஓம். 23 வாட் சுமையை 12 வோல்ட்டில் ஓட்டினால் 1.92 ஆம்பியர், ஒயரிலேயே 0.3 வோல்ட் போய்விடும், 2.5 சதவீதம். அதே சுமை 24 வோல்ட்டில் 0.96 ஆம்பியர்; இழப்பு 0.15 வோல்ட், 0.6 சதவீதம். ஒயர் அதே ஒயர், இழப்பு நான்கில் ஒரு பங்கு.

சிப் விஷயத்தில் மீட்டருக்கு 60, 120, அதற்கு மேல் சிஓபி (சிப்புகள் நெருங்கி ஒரே கோடாக எரியும் வகை) என்று வகைகள். 60 என்றால் சிப்புக்கும் சிப்புக்கும் 16.7 மி.மீ. இடைவெளி, 120 என்றால் 8.3 மி.மீ. புள்ளி தெரியாமல் இருக்க வேண்டுமானால், ஸ்ட்ரிப்பிலிருந்து மூடி இருக்கும் தூரம் குறைந்தது இந்த இடைவெளி அளவாவது இருக்க வேண்டும். 7 மி.மீ. உயரத் தட்டை சேனலில் 120 போட்டாலும் புள்ளி லேசாகத் தெரியும். அங்கே சிஓபிதான் சரி. ஆழமான மூலை சேனலில் 120 போதும். சிஓபியின் கோடு பார்க்க நன்றாக இருந்தாலும், சால்டர் வைக்கும் இடம் சிறியது, கொஞ்சம் கூர்மையாக மடித்தாலே உள்ளே இணைப்பு விட்டுப்போகும். பழுது பார்க்கிற எண்ணம் இருந்தால் தனித்தனி சிப் உள்ள 2835 (2.8 × 3.5 மி.மீ. சிப்) வகையை எடுப்பது புத்திசாலித்தனம். இங்கே எடுத்தது அதுதான்: 24 வோல்ட், மீட்டருக்கு 120 சிப், மீட்டருக்கு 10 வாட், 45 பாகை சேனல், பால் நிற மூடி.

வெளிச்சம் போதுமா? நல்ல ஸ்ட்ரிப் வாட்டுக்கு 100 லூமென் தரும் என்று வைத்தால் மீட்டருக்கு 1000 லூமென். பால் மூடி ஏறக்குறைய 30 சதவீதத்தை விழுங்கும், மிச்சம் 700. அதில் பத்தில் ஆறு பங்கு மேடையில் விழுந்தால் 420 லூமென். ஒரு மீட்டர் நீள மேடையின் பரப்பு 0.6 சதுர மீட்டர், எனவே 700 லக்ஸ். உணவகச் சமையலறைகளுக்கு ஐரோப்பியத் தரநிலை இஎன் 12464-1 கேட்பதே 500 லக்ஸ்தான். அதனால் மீட்டருக்கு 20 வாட் ஸ்ட்ரிப் வாங்குவது வீட்டுக்குத் தேவையில்லாத சூடு.

நிறத்தில் 3000 கெல்வின் (மஞ்சள் சாய்ந்த வெண்மை), 4000 கெல்வின் (நடுத்தர வெண்மை) இரண்டும் சமையலறைக்கு ஏற்றவை. எது என்பதைக் கூரை விளக்கைப் பார்த்து முடிவு செய்யுங்கள். மேலே வெண்மையும் கீழே மஞ்சளுமாக இருந்தால் இரண்டுமே அழுக்காகத் தெரியும். நீலம் சாய்ந்த 6500 வேண்டாம். அதைவிட முக்கியம் சிஆர்ஐ, அதாவது பொருளின் நிறத்தை விளக்கு எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்னும் எண்: 90க்குக் குறையாமல் பாருங்கள், பொட்டலத்தில் ஆர்9 (சிவப்புக்கான எண்) மதிப்பு இருந்தால் 50க்கு மேல். இது குறைந்த விளக்கில் தக்காளியும் இறைச்சியும் செத்த பழுப்பாகத் தெரியும். வேண்டிய நீளம் முழுவதையும் ஒரே சுருளில் வாங்கிவிடுங்கள். அடுத்த மாதம் வாங்குகிற அதே மாடலின் நிறம் சற்றே மாறியிருக்கலாம்.

மேடைத் தொட்டிக்குப் பக்கத்தில் சிலிகான் பூசிய ஐபி65 (தண்ணீர் தெறித்தால் தாங்கும்) ஸ்ட்ரிப் போடுவார்கள். மூடி போட்ட சேனலுக்குள் இருந்தால் அது அவசியமில்லை. சிலிகான் பூச்சு நிறத்தையும் சற்று மாற்றும் என்பதால், பாதி பூசியது பாதி பூசாதது என்று ஒரே வரிசையில் கலக்காதீர்கள்.

டிரைவர்

இங்கேதான் அதிகம் பேர் தப்பாக வாங்குகிறார்கள். ஸ்ட்ரிப்புக்குத் தேவை மாறா வோல்ட்டேஜ் தரும் டிரைவர்: வெளியீட்டில் 24 வோல்ட் என்று ஒரே எண் இருக்கும். கூரை பேனல் லைட்டுக்கு வரும் டிரைவர் பார்க்க இதேபோலத்தான் இருக்கும். ஆனால் அதில் 300 மில்லி ஆம்பியர், 24 முதல் 42 வோல்ட் என்பதுபோல வீச்சு எழுதியிருக்கும். அது மாறா மின்னோட்ட டிரைவர். ஸ்ட்ரிப்பில் மாட்டினால் மங்கலாக எரியும், விட்டு விட்டு எரியும், அல்லது ஸ்ட்ரிப் கருகும். லேபிளில் வெளியீட்டு வரியைப் படிக்காமல் வாங்காதீர்கள்.

சேனலின் முனை மூடிக்கும் ஒயர் நுழைவுக்கும் இடம் விட்டு ஸ்ட்ரிப்பை 145, 85 செ.மீ. என எடுத்தால் மொத்தம் 2.3 மீட்டர், 23 வாட். டிரைவரை அதன் அளவில் 80 சதவீதத்துக்கு மேல் ஓட்டாமல் இருக்க 23ஐ 0.8ஆல் வகுத்தால் 29 வாட். 30 வாட் டிரைவர் மட்டுமட்டு. 24 வோல்ட், 1.5 ஆம்பியர், அதாவது 36 வாட் டிரைவர் நிம்மதி. டிரைவருக்குள் முதலில் சாவது எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர். வெப்பம் 10 பாகை குறைந்தால் அதன் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது மின்னணுத் துறையின் பழைய கணக்கு. எனவே டிரைவரை ஹூடின் பெட்டிக்குள் திணிக்கக் கூடாது. அலமாரியின் மேல்தட்டில், காற்றுப் படும்படி, ஸ்டூல் போட்டால் கை எட்டும்படி வையுங்கள். பின்பலகைக்குள் மூடிவைத்தால் நாளைக்கு ஒரு டிரைவர் மாற்ற அலமாரியையே கழற்ற வேண்டிவரும்.

மாட்டும் வேலை

முதலில் எம்சிபியை இறக்குங்கள். நியான் டெஸ்டர் எரியவில்லை என்பதை மட்டும் நம்பி ஒயரைத் தொடாதீர்கள். மல்டிமீட்டரைக் கரண்ட் இருக்கிற பாயிண்டில் வைத்து மீட்டர் வேலை செய்கிறதா என்று பார்த்து, பிறகு வேலை செய்யப்போகும் பாயிண்டில் வைத்து, மறுபடியும் முதல் பாயிண்டில் வைத்துப் பாருங்கள். சுவரில் புதிதாக மின்சார பாயிண்ட் எடுக்க வேண்டியிருந்தால் அது எலக்ட்ரீஷியன் வேலை. அதற்குப் பின்னால் வரும் 24 வோல்ட் பக்கம்தான் இந்தப் பதிவுக்கு உட்பட்டது.

சேனலை நுண்பல் ஹேக்சா பிளேடால் வெட்டுங்கள். வெட்டிய விளிம்பை அரத்தால் தேய்த்துப் பிசிறு எடுப்பதைத் தவறவிட வேண்டாம். அலுமினியப் பிசிறு ஸ்ட்ரிப்பின் முதுகில் குத்தினால் ஷார்ட். மூடியைச் சேனலைவிட 2 மி.மீ. குறைத்து வெட்ட வேண்டும். பாலிகார்பனேட் மூடி அலுமினியத்தைவிட மூன்று மடங்கு நீளும்: ஒன்றரை மீட்டர் நீளத்தில் 30 பாகை சூடேறினால் சேனல் 1 மி.மீ., மூடி 3 மி.மீ. இடமில்லையென்றால் மூடி வில்லாக வளைந்து நடுவில் பிதுங்கும்.

கிளிப்புகளை 40 முதல் 50 செ.மீ.க்கு ஒன்றாக வையுங்கள். அடிப்பலகை 16 அல்லது 18 மி.மீ. என்பதால் ஸ்க்ரூ 12 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. போனால் அலமாரிக்குள் முனை நீட்டிக்கொண்டு நிற்கும். 2 மி.மீ. டிரில் பிட்டில் நுனியிலிருந்து 10 மி.மீ. தள்ளி டேப் சுற்றிக்கொண்டு, டேப் பலகையைத் தொட்டதும் நிறுத்துங்கள்.

சேனலின் உள்பக்கத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, காய்ந்த பிறகு ஸ்ட்ரிப்பை ஒட்டுங்கள். ஒரேயடியாக இழுத்து ஒட்டாமல், கொஞ்சம் கொஞ்சமாகக் காகிதத்தை உரித்து விரலால் அழுத்திக்கொண்டே போக வேண்டும். சிப்பின் தலைமேல் அழுத்தாதீர்கள், இரண்டு சிப்புக்கு நடுவில் அழுத்துங்கள். இந்த ஸ்ட்ரிப்பில் 5 செ.மீ.க்கு ஒரு வெட்டுக்கோடு. கோட்டின் மேல்தான் கத்தரி போக வேண்டும். வெட்டிய முனையில் செம்புப் பட்டைகள் விளிம்புவரை வந்து நிற்கும். அந்த முனை சேனலின் உலோகத்தையோ முனை மூடியின் ஸ்க்ரூவையோ தொட்டால் பிளஸும் மைனஸும் அலுமினியம் வழியாகச் சேர்ந்துவிடும். முனைக்கு அடியில் ஒரு துண்டு கேப்டன் டேப் (சூடு தாங்கும் மின்காப்பு டேப்) வைத்தால் கவலையில்லை.

ஒயர் சேர்க்க அழுத்தி மூடும் கிளிப் கனெக்டர்கள் கிடைக்கும். சமையலறையில் வேண்டாம். சூடேறி ஆறி, எண்ணெய்ப் பசை ஏறி, நாளடைவில் அதன் பல் பிடி விடும். சால்டர்தான் நிலைக்கும். அயர்னை 350 பாகையில் வையுங்கள். ஒயர் நுனியை 3 மி.மீ. மட்டும் சீவி, முறுக்கி, அதில் ஈயம் ஏற்றிக்கொள்ளுங்கள். ஸ்ட்ரிப்பின் செம்புப் பொட்டிலும் துளி ஃப்ளக்ஸ் (ஈயம் பிடிக்க உதவும் பசை) தடவி ஒரு சிறு முத்து ஈயம் வையுங்கள். பிறகு ஒயரை முத்தின்மேல் வைத்து அயர்னால் தொட்டால் இரண்டு ஈயமும் உருகி ஒன்றாகும்; அந்தக் கணமே அயர்னை எடுத்துவிட்டு, ஈயத்தின் மினுமினுப்பு அடங்கும்வரை ஒயரை அசைக்காமல் பிடியுங்கள். மொத்தம் இரண்டு மூன்று வினாடி. அதற்கு மேல் சூடு காட்டினால் பொட்டு பெயர்ந்து கையோடு வரும். அப்படி வந்தால் அந்தத் தொகுதியை வெட்டி எறிந்துவிட்டு அடுத்த கோட்டில் தொடங்க வேண்டியதுதான்.

பொட்டில் சேரும் ஒயர் 0.5 சதுர மி.மீ. மென்மையான பலநூல் ஒயராக இருக்கட்டும். தடித்த விறைப்பான ஒயர் தன் எடையிலேயே பொட்டைப் பிய்க்கும். டிரைவரிலிருந்து வரும் நீளமான பகுதிக்கு 0.75 போதும், இரண்டையும் கனெக்டர் பிளாக்கில் சேர்த்துவிடலாம். வலப்பக்க 85 செ.மீ. துண்டை இடப்பக்கத் துண்டின் வாலில் தொடராமல், டிரைவரிலிருந்தே தனி ஒயர் இழுங்கள். இரண்டு பக்கமும் ஒரே பிரகாசத்தில் எரியும்; ஒன்று பழுதானாலும் மற்றது நிற்காது. 24 வோல்ட் ஒயரையும் வீட்டு மின்சார ஒயரையும் ஒரே கேசிங்கில் போடாதீர்கள்.

சுவிட்ச் டிரைவருக்கு முன்னால், ஃபேஸ் ஒயரில் இருக்கட்டும். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க வேண்டுமென்றால் பிடபிள்யூஎம் டிம்மரை (மிக வேகமாக அணைத்து எரியவிட்டு வெளிச்சத்தைக் குறைப்பது) டிரைவருக்கும் ஸ்ட்ரிப்புக்கும் நடுவில் வைக்க வேண்டும். ஃபேன் ரெகுலேட்டர் மாதிரிச் சுவரில் திருகும் டிம்மரில் சாதாரண டிரைவரை மாட்டினால் அது முனகும், மின்னும், கடைசியில் போய்விடும். கை அசைத்தால் எரியும் சென்சாரை ஆவி படும் இடத்திலிருந்து தள்ளி வையுங்கள். இல்லையென்றால் குக்கர் ஆவிக்கெல்லாம் விளக்கு அணைந்து அணைந்து எரியும்.

மூடியைப் போடுவதற்கு முன் அரை மணி நேரம் எரியவிட்டு மூன்று இடத்தில் வோல்ட்டேஜ் எடுங்கள்: டிரைவர் வெளியீடு, ஸ்ட்ரிப்பின் தலை, ஸ்ட்ரிப்பின் வால். டிரைவரில் 24, தலையில் 23.8க்குக் குறையாமல், வாலில் 23.5க்கு மேல் இருந்தால் மூடலாம். இந்த மூன்று எண்ணையும் டிரைவரின் மேலேயே மார்க்கரால் எழுதிவையுங்கள். பின்னால் பழுது பார்க்கும்போது பாதி வேலை மிச்சம்.

பழுது

பழுது எங்கே என்பதை எரிகிற விதமே சொல்லிவிடும். 5 செ.மீ. நீளம் மட்டும் இருட்டாகி மற்றது எரிந்தால், அந்தத் தொகுதியின் ஆறு எல்இடியில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது; தொடரில் இருப்பதால் ஆறும் அணைகின்றன. இரண்டு பக்க வெட்டுக்கோட்டிலும் வெட்டி, புதுத் துண்டை அதே பிளஸ் மைனஸ் வாக்கில் சால்டர் செய்தால் முடிந்தது. முதல் நாளே மிஞ்சிய ஸ்ட்ரிப்பை எடுத்து வைத்திருந்தால் நிறம் ஏறக்குறைய ஒத்துப்போகும்.

ஒரு புள்ளிக்குப் பிறகு வால் முழுவதும் இருட்டு என்றால் அங்கே இணைப்பு விட்டிருக்கிறது. தொட்டால் எரிந்து விட்டால் அணைந்தால், லூஸ் கனெக்‌ஷன். கிளிப் கனெக்டர் இருந்தால் அதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். மொத்தமும் வினாடிக்கொரு முறை சீராக மின்னினால் டிரைவர் தன்னைக் காத்துக்கொள்கிறது: அதிகச் சுமை, அல்லது எங்கோ ஷார்ட். ஸ்ட்ரிப் ஒயரைக் கழற்றிவிட்டு டிரைவரை மட்டும் அளந்து பாருங்கள். சுமையில்லாதபோது 24 நின்று, எந்தத் துண்டைத் தனியாக மாட்டினாலும் சரிந்தால் டிரைவர் தேய்ந்துவிட்டது. ஏதோ ஒரு துண்டை மாட்டும்போது மட்டும் சரிந்தால் ஷார்ட் அந்தத் துண்டில். பெரும்பாலும் வெட்டிய முனை சேனலைத் தொட்டுக்கொண்டிருக்கும். போட்டவுடன் நன்றாக எரிந்து, இருபது நிமிடம் கழித்து மங்கினாலோ அணைந்தாலோ வெப்பம்தான்: டிரைவரைத் தொட்டுப் பாருங்கள், காற்று இருக்கிற இடத்துக்கு மாற்றுங்கள்.

சுவிட்சை அணைத்த பிறகும் ஸ்ட்ரிப் லேசாக மினுங்குவது, அல்லது சில வினாடிக்கு ஒரு முறை பளிச்சிட்டு அணைவது, ஸ்ட்ரிப்பின் குற்றமில்லை. சுவிட்சில் சின்ன இண்டிகேட்டர் விளக்கு இருந்தால் அதன் வழியாகக் கசியும் துளி மின்னோட்டம் டிரைவரின் கெபாசிட்டரை மெல்ல நிரப்பும். நிரம்பியதும் ஒரு முறை மின்னும், மறுபடி நிரம்பும். இண்டிகேட்டர் இல்லாத சுவிட்ச் மாற்றினால் நின்றுவிடும். அப்படியும் நிற்கவில்லையென்றால் சுவிட்ச் ஃபேஸில் இல்லாமல் நியூட்ரலில் போடப்பட்டிருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள். அப்படி இருந்தால் சுவிட்சை அணைத்த பிறகும் டிரைவரின் உள்ளீட்டு முனையில் முழு மின்சாரம் நிற்கும்.